மதுரை வெயிலும் போன் பேட்டரியும்: புதிதாக வாங்கியவர்களுக்கு

புது போன் வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் கடையில் ஒருவர் சொல்வார்: "மொதத் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ருங்கண்ணே." வீட்டுக்கு வந்தால் மாமா ஒருவர், "சுத்தமா இறங்கட்டும்ப்பா, அப்புறம் போடு" என்பார். அலுவலகத்தில் இன்னொருவர் 80 சதவீதத்துக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்குவார். முதல் இருவர் சொல்வது இப்போது எந்த போனிலும் இல்லாத ஒரு பேட்டரிக்கு. மூன்றாமவர் சொல்வது சரியான பேட்டரிக்குத்தான், ஆனால் அதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

விட்டுப்போனது சூடு. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. மற்ற கம்பெனிகளின் கையேடுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. மதுரையில் மார்ச் கடைசியிலிருந்தே மதிய நிழல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கத்திரியில் 40 டிகிரியெல்லாம் சாதாரணம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பத்தாது. கீழே வருவதில் பெரும்பாலானது ஒரே விதியிலிருந்து கிளைப்பதுதான்: சூடும் முழு சார்ஜும் ஒன்றாக நெடுநேரம் தங்கக் கூடாது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பேட்டரி ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

முதலில், கையில் இருப்பது எந்த பேட்டரி?

வீட்டை ஒரு சுற்று பார்த்தாலே பேட்டரி வகைகள் பிடிபட்டுவிடும். சுவர்க் கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் இருப்பது தீர்ந்தால் தூக்கிப் போடுகிற கட்டை. அதற்கு சார்ஜ் ஏற்றவே கூடாது. பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்தும் நாளில் ஃபேனைச் சுற்ற வைக்கும் இன்வெர்ட்டரில் இருப்பது பெரும்பாலும் ஈய அமில பேட்டரி. அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். காலியாகக் கிடந்தால் உள்ளே தட்டுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகி வீணாகிவிடும். அதோடு பல வருடம் பழகிய பெரியவர்கள் போனையும் நாள் முழுக்க பிளக்கிலேயே தொங்கவிடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் போன் பேட்டரியின் குணம் அதற்கு நேர் எதிர்.

"சுத்தமா இறக்கிட்டு ஏத்து" என்ற அறிவுரை நிக்கல் காட்மியம் பேட்டரியின் காலத்தது. கார்ட்லெஸ் போன்களிலும் ஆரம்பகால செல்போன்களிலும் அது இருந்தது. பாதியிலேயே திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தப் பாதியையே தன் முழு அளவாக எடுத்துக்கொள்ளும் கோளாறு அதற்கு உண்டு. எட்டு மணி நேரக் கணக்கும் அந்தக் காலத்து மெதுவான சார்ஜர்களின் மிச்சம்தான். புது போனைக் கடையிலிருந்து கொண்டுவந்தால் அப்படியே பயன்படுத்தத் தொடங்கலாம். முதல் சார்ஜுக்கென்று சடங்கு எதுவும் வேண்டாம்.

இன்றைய போன் எதுவானாலும் உள்ளே இருப்பது லித்தியம் அயான் குடும்பம். 1991-ல் சோனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. (நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த வகை பேட்டரிகளை ஆராய்கிற இடம். 1953-ல் திறந்தார்கள், நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.)

உள்ளே நடப்பது இதுதான். ஒரு பக்கம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, மறுபக்கம் கிராஃபைட், நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் கோபால்ட் பக்கத்திலிருந்து கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். நாம் போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகும். அது இருந்தாக வேண்டும், ஆனால் தடிக்கத் தடிக்க லித்தியத்தைத் தின்னும். சூடு கூடினால் வேகமாகத் தடிக்கும். எதிர்ப் பக்கத்தில், சார்ஜ் உச்சியில் இருக்கும்போது மின்னழுத்தம் 4.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அந்த அழுத்தத்தில் நடுவிலுள்ள திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகும். பேட்டரி உப்புவது இதனால்தான்.

லித்தியம் பாலிமர் என்று போட்டிருந்தால் அது வேறு ஜாதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வேதியியல் ஏறக்குறைய அதேதான். கெட்டியான உலோகப் பெட்டிக்குப் பதில் மெல்லிய அலுமினியப் பையில் அடைத்திருப்பார்கள், அவ்வளவே. இப்போதைய ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் இந்தப் பைதான். அப்பத்தாவின் பட்டன் போனிலும் பக்திப் பாட்டுப் பெட்டியிலும் இருக்கிற பிஎல்-5சி பேட்டரி கெட்டிப் பெட்டி வகை. மூடியைத் திறந்து கையாலேயே மாற்றிவிடலாம்.

கடந்த இரண்டு மூன்று வருடமாக சிலிக்கான் கார்பன் என்ற பெயர் விளம்பரங்களில் அடிபடுகிறது. கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கானைக் கலப்பது. எடைக்கு எடை பார்த்தால் சிலிக்கான் கிராஃபைட்டைப் போலப் பத்து மடங்கு வரை லித்தியத்தைப் பிடிக்கும். அதனால் பழைய தடிமனிலேயே 6000, 7000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) சாத்தியமானது. ஆனால் லித்தியம் ஏறும்போது சிலிக்கான் ஏகத்துக்கும் பருக்கும், ஆகவே அளவாகத்தான் கலக்கிறார்கள். பராமரிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

போன் பெட்டியிலோ பேட்டரி மேலோ எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். 5000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 4850, 4900 என்று இன்னொரு எண் இருக்கும். பெரிய எண் சராசரி அளவு, சின்ன எண் கம்பெனி உறுதி கொடுக்கும் குறைந்தபட்ச அளவு. அதோடு 3.8 அல்லது 3.9 வோல்ட் அளவில் ஓர் எண்ணும், 4.4-ஐ ஒட்டி இன்னோர் எண்ணும் இருக்கும். இரண்டாவதுதான் சார்ஜ் நிறுத்தப்படும் உச்சி. பேட்டரியை மாற்றும் நாளில் இந்த எண்கள் வேண்டியிருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செட்டிங்கில் ஐந்து நிமிடம்

செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போங்கள். சாம்சங்கில் பேட்டரி ப்ரொடெக்ஷன் என்று இருக்கும். ஐபோன் 15-லிருந்து சார்ஜ் லிமிட் என்று 80 முதல் 100 வரை தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முந்தைய ஐபோன்களில் ஆப்டிமைஸ்டு சார்ஜிங் மட்டும் உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஸ்மார்ட் சார்ஜிங், சார்ஜிங் லிமிட் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். தேடல் பெட்டியில் சார்ஜ் என்று தட்டினால் வந்துவிடும்.

வீட்டிலும் அலுவலகத்திலும் பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர்கள் 80 சதவீத எல்லையைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். காலை கிளம்பினால் இரவு திரும்புகிறவர்களுக்கு அது சரிப்படாது. அவர்கள் இரவு சார்ஜை 80-ல் நிறுத்தி, எழுந்திருக்கும் நேரத்துக்கு 100 ஆக்கும் வசதியைப் போடட்டும். போன் நமக்காகத்தான் இருக்கிறது. 80-ஐக் காப்பாற்றுகிறேன் என்று சாயங்காலம் ஆஃப் ஆன போனோடு மாட்டுத்தாவணியில் நின்று டிக்கெட் காட்ட முடியாமல் முழிப்பதில் அர்த்தம் இல்லை.

பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் தனி ஆப் எதையும் இறக்க வேண்டாம். அவை விளம்பரம் காட்டியே சார்ஜைத் தின்னும். பின்னணியில் திறந்திருக்கும் ஆப்களை நொடிக்கொரு தரம் தள்ளி மூடுவதும் வீண் வேலை. மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் கூடுதல் சார்ஜ் போகும்.

சூடு: மதுரைக்காரர்களுக்கான பெரிய பாடம்

லித்தியம் கோபால்ட் செல்களுக்குப் பொறியாளர்கள் வெகுநாளாகக் காட்டி வரும் கணக்கு ஒன்று உண்டு. பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஒரு வருடம் சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பது கேள்வி. 25 டிகிரி சூட்டில், 40 சதவீத சார்ஜோடு வைத்தால் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 80. சூடு 40 டிகிரி, சார்ஜ் 40 சதவீதம் என்றால் 85. சூடும் 40 டிகிரி, சார்ஜும் முழுசு என்றால் 65. இப்போதைய செல்கள் கொஞ்சம் தேறியிருக்கின்றன, ஆனால் போக்கு அதேதான். கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள். சார்ஜ் போட்டுக் கழட்டி எதுவும் செய்யாமல், நம் ஊர் மே மாத வெயில் அளவு சூட்டில் நிறைந்து கிடந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இதை வைத்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் உணவு டெலிவரி தம்பியின் போனைப் பாருங்கள். பைக் ஹேண்டிலில் ஸ்டாண்ட், நேர் வெயில், மேப் ஓடுகிறது, வெளிச்சம் உச்சத்தில், டேட்டா ஓடுகிறது, கறுப்பு கவர் வேறு. பையிலிருந்து பவர் பேங்க் வயர் ஏறி வந்து சார்ஜும் போய்க்கொண்டிருக்கும். பேட்டரியைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று பாக்கியில்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாக மங்கும், பிறகு சூடு அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது என்று அறிவிப்பு வரும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் மேப்பைத் தவிர்க்க முடியாது. ஆனால் வழி தெரிந்த தெருக்களில் திரையை அணைத்துவிட்டுக் காதில் ப்ளூடூத்தில் குரல் வழிகாட்டுதலைக் கேட்கலாம். சார்ஜை ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஹோட்டல் நிழலில் போடலாம். கவரைக் கழற்றி, வெளிர் நிறத் துணிப் பட்டையால் மறைத்தாலே போதிய வித்தியாசம் தெரியும்.

மற்றவர்களுக்கும் பொறி இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. சிலர் ஒப்படைக்கும் இடத்தில் வரிசை நிற்கச் சோம்பல்பட்டு, பைக் டேங்க் கவரிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ போனைத் திணித்துவிட்டுப் போவார்கள். வெயிலில் நிற்கிற ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் எஞ்சின் சூடும் சேரும். திருட்டைக்கூட விடுங்கள், பேட்டரிக்கே அது கொடுமை. காசு கொடுத்து ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் சரி. காரில் வைப்பவர்கள் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும்.

வீட்டுக்குள் போன் சார்ஜ் ஆகும் இடத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அது ஃபிரிட்ஜ் மேல்தான், பக்கத்திலேயே ஸ்டெபிலைசர். பிளக் பாயிண்ட் அங்கே இருப்பது வசதி, ஆனால் ஃபிரிட்ஜ் வெளியே தள்ளும் சூடும் ஸ்டெபிலைசர் சூடும் அங்கேதான் தேங்கும். தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் போடுவது அதைவிட மோசம். மேசையோ, டைல்ஸ் தரையோ, ஃபேன் காற்று படுகிற இடமாகப் பார்த்து, கவரைக் கழற்றி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தரை வேண்டாம்.

மாடி அறையில் தூங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் இரவு பத்து, பதினோரு மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். தகர ஷீட் வீடு என்றால் பகலில் கேட்கவே வேண்டாம். நாளின் குளிர்ந்த நேரம் விடியற்காலை. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பவர்கள், வாக்கிங் போகிறவர்கள் அந்த நேரத்தில் போட்டால் கிளம்புவதற்குள் ஏறிவிடும். இரவே போட்டாக வேண்டும் என்றால், மேலே சொன்ன 80 சதவீத நிறுத்தம் இருக்கவே இருக்கிறது.

சுட்ட போனைக் குளிர வைக்க ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். நிழலில், ஃபேனுக்குக் கீழே, கவர் இல்லாமல் பத்து நிமிடம் கிடந்தால் போதும். வயர்லெஸ் சார்ஜிங்கும் நம் ஊர்க் கோடைக்கு ஏற்றதில்லை என்பது என் கருத்து. வயரில் போவதைவிட அதில் கூடுதல் மின்சாரம் சூடாக வீணாகிறது.

சார்ஜ் போடும் முறை

ஒரு சார்ஜ் சுற்று என்பது ஒரு தடவை பிளக்கில் போடுவதல்ல. 100 சதவீதம் அளவு செலவானால்தான் ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்று. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை போட்டால் ஆயுள் குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். உண்மையில் பேட்டரிக்கு அதுதான் பிடிக்கும். ஐபோன் 14 வரை 500 சுற்றில் 80 சதவீதம் மிஞ்சும் என்று ஆப்பிள் சொல்லிவந்தது. 15-லிருந்து அது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து, 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

20-க்குக் கீழே இறங்கும் முன் போடுங்கள், 80 அல்லது 90-ல் எடுங்கள். முடியாத நாளில் முடியாது, அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. பூஜ்யத்துக்கு இறக்கி அப்படியே நாள் கணக்கில் போட்டுவைப்பதுதான் கெடுதல். துபாயிலிருந்து தம்பி அனுப்பிய இரண்டாவது போன் பீரோவில் தூங்குகிறதா? பாதி சார்ஜில் அணைத்து, சூடு இல்லாத தட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றிவையுங்கள்.

வேக சார்ஜர் பேட்டரியை எரித்துவிடும் என்பார்கள். முழு உண்மை அல்ல. பெரியார் நிலையத்தில் காலியாக வந்து நிற்கும் டவுன் பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் ஏறுகிறவர்கள் இடம் தேடித் தேடி நகர வேண்டும். பேட்டரிக்குள் லித்தியம் ஏறுவதும் அப்படித்தான். அதனால்தான் 67 வாட் என்று எழுதியிருந்தாலும் முதல் பாதி வரைதான் அந்த வேகம் இருக்கும், 80-க்கு மேல் மெதுவாகிவிடும். ரொம்ப வேகமான போன்களில் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்து மின்னோட்டத்தைப் பங்கு போடுகிறார்கள். போன் தாங்கும் அளவை போனே கேட்டு வாங்கிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது வேகத்தோடு சேர்ந்து வரும் சூட்டுக்குத்தான். கோடை மதியத்தில் அவசரம் இல்லையென்றால் பழைய 10 வாட் சார்ஜரில் போடுங்கள். அவசரமென்றால் வேகத்தில் போட்டு 60, 70-ல் கழற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது கேம் ஆடுவதும் வீடியோ கால் பேசுவதும் வேண்டாம்.

சார்ஜர் வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையைப் பாருங்கள். சார்ஜர், பவர் பேங்க், பேட்டரி எதுவானாலும் முத்திரைக்குக் கீழே ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பதிவு என்று காட்டும். பஸ் ஸ்டாண்ட் வாசலில் குவித்து வைத்து விற்கும் சார்ஜர்களில் இதெல்லாம் தேடிப் பயனில்லை. கேபிள் மெலிசாக இருந்தாலும் சார்ஜ் மெதுவாகும், முனை சுடும். சுடுகிற முனையோடு காலம் தள்ளாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பவர் பேங்க் வாங்குகிறவர்கள் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்கலாம். 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதை 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே தரும்போது, இழப்பும் போக, கைக்கு வருவது 6000-ஐ ஒட்டித்தான். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி. 20000 எம்ஏஎச் என்றால் 74 வாட் மணி, பிரச்சினை இல்லை.

ஒரு நாள் தாங்க

திரை வெளிச்சம்தான் முதல் செலவு. ஆட்டோ பிரைட்னஸில் விட்டுவிடுங்கள். டார்க் மோட் அமோலெட் திரையில்தான் சார்ஜை மிச்சப்படுத்தும். எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், கண்ணுக்கு இதமே தவிர லாபம் இல்லை.

இரண்டாவது செலவை யாரும் கவனிப்பதில்லை: டவர். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மலையடிவார ஊர்களில் ஒரு கோடு, இரண்டு கோடுதான் காட்டும். அந்த இடத்தில் போன் தன் முழு பலத்தையும் போட்டு டவரைத் தேடும். டவரே சரியாகக் கிடைக்காத சிம் ஒன்று இரண்டாவது துளையில் கிடந்தால் அதற்கும் தனியாகத் தேடும். ஊருக்குப் போகும்போது அந்த சிம்மை செட்டிங்கில் அணைத்துவையுங்கள். 5ஜி வந்து வந்து போகிற இடமென்றால் 4ஜிக்கு மாற்றுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங் போடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற விடியற்காலை இதெல்லாம் ஒன்றாகச் சேரும்: லட்சக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும், எல்லாரும் வீடியோ எடுப்பார்கள், அனுப்பிய வீடியோ போகாமல் திரும்பத் திரும்ப முயலும். எடுப்பதை எடுத்துவிட்டு டேட்டாவை அணைத்துவையுங்கள். கூட்டத்தில் பிரிந்த ஆளைக் கூப்பிடச் சார்ஜ் மிஞ்சும். வீடியோவை வீட்டுக்கு வந்து அனுப்பலாம்.

மாற்ற வேண்டிய நேரம்

ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்று சதவீதமே காட்டும். ஆண்ட்ராய்டில் சில போன்கள் காட்டும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பரிசோதனை இருக்கிறது. 80-க்குக் கீழே வந்தால் மாற்ற யோசிக்கலாம். எண் தெரியாவிட்டாலும் அறிகுறி தெரியும். 30 சதவீதம் காட்டும்போதே, கேமராவைத் திறந்ததும் போன் பொசுக்கென்று அணையும். வயதான பேட்டரியின் உள் தடை கூடிவிடுவதால், திடீரென்று அதிக மின்சாரம் கேட்டதும் மின்னழுத்தம் சரிகிறது. சதவீதம் மட்டும் தாறுமாறாகக் குதிக்கிறது என்றால் ஒருமுறை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றிப் பாருங்கள். கணக்குக் காட்டும் மீட்டர் சில சமயம் அதில் சரியாகிவிடும். பேட்டரியே தளர்ந்திருந்தால் சரியாகாது.

கம்பெனி சர்வீஸ் சென்டர் முதல் தேர்வு. அங்கே உங்கள் மாடலுக்குப் பேட்டரி இல்லை என்று கையை விரித்தால்தான் டவுன்ஹால் ரோடு பக்கம் போக வேண்டும். கடையில் ஒரிஜினல், ஃபர்ஸ்ட் காப்பி என்று வார்த்தைகள் பறக்கும். வார்த்தையை விடுங்கள், பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். நீங்கள் எடுத்துவைத்த போட்டோவில் இருக்கும் மாடல் எண்ணும் வோல்ட் எண்களும் பொருந்துகின்றனவா? தயாரித்த தேதி என்ன? இரண்டு மூன்று வருடம் கடை ரேக்கில் வெந்துகொண்டிருந்த பேட்டரி புதிதானாலும் பழசுதான். அதே அளவுப் பேட்டரியில் ஒரிஜினலைவிட ஆயிரம் எம்ஏஎச் கூடுதல் என்று அச்சடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்தும்போது முடிந்தால் எதிரிலேயே இருங்கள். நல்ல கைக்காரர் பின் மூடியைச் சூடு பண்ணி, பசை இளகிய பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஓரம் ஓரமாக விடுவிப்பார். பேட்டரிக்கு அடியில் இருக்கும் பசைப் பட்டையை ஒரே சீராக இழுத்து எடுப்பார். இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்புகிறார் என்றால், "அண்ணே, வேணாம், நாளைக்கு வர்றேன்" என்று போனை வாங்கிக்கொள்ளலாம். பை கிழிந்தால் அங்கேயே தீப்பிடிக்கும். ஒருமுறை திறந்து மூடிய போனுக்குப் பழைய தண்ணீர்த் தடுப்பு இருக்காது, மழையில் கவனம். கிளம்பும் முன் சார்ஜ் ஏறுகிறதா, மூடி இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உப்பிவிட்டால்

மேசையில் வைத்த போன் லேசாக ஆடும், பின் மூடி ஒரு ஓரத்தில் தூக்கும், அல்லது திரையின் ஒரு பக்கம் கிளம்பி வெளிச்சம் கசியும். அந்த நிமிடத்திலிருந்து சார்ஜ் போடக் கூடாது. அணைத்து, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது எதுவும் வேண்டாம். இப்படி ஆலோசனை சொல்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அது காற்றில்லை, எரியும் வாயு. அடுத்த நாளே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மாநகராட்சி வண்டியில் குப்பையை அமுக்கும்போது பை நசுங்கினால் வண்டியிலேயே பற்றிக்கொள்ளும். தப்பிப் போனாலும் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் அதே கதை. 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரித்தவர்களே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே சர்வீஸ் சென்டரில் மாற்றினால் பழையதை அங்கேயே விட்டுவிடலாம். வெளியே மாற்றியிருந்தால், இரண்டு முனைகளிலும் செல்லோ டேப் ஒட்டி, தனிப் பையில் போட்டு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ மின்னணுக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். பட்டன் போன் பேட்டரி, உழைத்து ஓய்ந்த பவர் பேங்க், ப்ளூடூத் இயர்போன் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.